மாஸ்டர் நெஞ்சிலிருந்த பெட்டி

தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்கு உஷ் அக்கா என்று பேர். யார் வைத்தது என்று தெரியாது, யார் வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். யாராவது குரலை உயர்த்தினால், டிராலியைத் தடதடவென்று தள்ளினால், நாற்காலியைத் தரையில் இழுத்தால், எந்த மூலையில் இருந்தாலும் அவளிடமிருந்து ஒரு 'உஷ்' புறப்பட்டு வரும். ஒரு தடவை செல்போனில் சத்தமாகச் சிரித்த பெரிய டாக்டரையே உஷ் சொல்லி வெளியே அனுப்பியவள். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அந்தப் பிரிவில் எல்லா நர்ஸுகளுக்கும் ஊசி போடத் தெரியும், மூச்சு மிஷினைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். ஆனால் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று முடிவான பிறகு மிஷின்களை ஒவ்வொன்றாக விலக்கி, வீட்டுக்காரர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளை நிம்மதியாகப் போகவிடுகிற வேலை இருக்கிறதே, அது உஷ் அக்காவுக்குத்தான் கைவந்தது. அப்படி ஒரு நாள் வந்தால் அன்றைக்கு எந்த நர்ஸுக்கு எந்தப் படுக்கை என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். "உஷ் அக்கா வந்திருக்காங்களா?" என்றுதான் முதல் கேள்வி. அவளுக்கு அதில் பெருமையும் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமை. சாகிறவர்களை நான் நன்றாக வழியனுப்புவேன் என்று யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? வீட்டில் ஒரு நாள் வாயெடுத்தபோது, கணவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. முகத்தில் ஒட்டிய பிளாஸ்திரிகளை எண்ணெய் தொட்டு வலிக்காமல் பிரிப்பாள். வெந்நீரில் துணி நனைத்து முகம் துடைப்பாள், தலை வாருவாள், ஆண்களாக இருந்தால் சவரம் செய்துவிடுவாள். குழாயைப் பிடுங்காமலிருக்கக் கட்டிவைத்த கைகளை அவிழ்த்துவிடுவாள். வீட்டுக்காரர்கள் தொடுவதற்குத் தோதாக ஒரு கையையாவது போர்வைக்கு வெளியே எடுத்து வைப்பாள். கடைசியாக, இதயத் துடிப்பு ஓடுகிற மானிட்டரின் சத்தத்தை அணைத்து, திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள். அந்த எண்களைப் பார்க்க விட்டால் பெற்ற பிள்ளை கூட அப்பா முகத்தைப் பார்க்காது என்பது அவள் கண்ட உண்மை. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி கண்கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆள் போனதே திரையைப் பார்த்துத்தான் தெரியும். அது அவளுக்குப் பொறுக்காது.

மாஸ்டருக்கும் அன்று மதியம் அதையெல்லாம் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். கொஞ்சம் அதிகமாகவே செய்தாள் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மாஸ்டர் அவளுக்குப் புதியவர் இல்லை.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது பிரேக் எது என்று காட்டியவர். போன தடவை இதய வீக்கத்தில் நுரையீரலில் நீர் கோத்து வந்து, தொண்டையில் குழாய் போட்டு, பிழைத்து எழுந்தவர். குழாயை எடுத்த பிறகு படுக்கையோடு ஸ்கேன் எடுக்கத் தள்ளிக்கொண்டு போனால், வராந்தாவின் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய வலது கால் போர்வைக்குள் ஒரு மிதி மிதிக்கும். "என்ன மாஸ்டர் பண்றீங்க?" என்று கேட்டதற்கு, "பிரேக் அடிக்கிறேன் சிஸ்டர். நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு வேற என்ன பண்றது?" என்றார். கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தக் கால் அப்படிப் பழகிவிட்டது. வீட்டில் சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும்போதும் அடிப்பார் என்று அவர் மனைவி சொன்னாள்.

மாஸ்டரின் இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், சின்ன சோப்புக் கட்டி அளவுக்கு ஒரு மேடு. இதயம் தாறுமாறாகத் துடித்தால் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் பாய்ச்சி உதைத்துச் சரிசெய்கிற பெட்டி. வைத்து ரொம்ப நாளாயிற்று, ஒரு தடவை கூட அது உதைத்ததில்லை. "வீட்டோட மாப்பிள்ளை சிஸ்டர்," என்பார் மாஸ்டர் அதைத் தடவிக்காட்டி. "ஒரு வேலையும் செய்யறதில்ல. ஆனா மரியாதையா வச்சுக்கணும்." உஷ் அக்காவே தன்னை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டாள். பக்கத்துப் படுக்கையிலிருந்து யாரோ "உஷ்" என்றார்கள்.

போன தடவை வீட்டுக்குக் கிளம்பும்போது, மனைவியையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். "இந்தக் குழாய் இன்னொரு தடவை எனக்கு வேண்டாம். நல்லாக் கேட்டுக்கோங்க. சிஸ்டர், நீங்களும்தான். போட்டீங்கன்னா உங்களுக்கு லைசென்ஸ் கிடையாது."

ஆனால் நினைவில்லாமல் நீலம் பாரித்த மனிதரை அள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறபோது எந்த மனைவிக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வரும்? "என்ன வேணும்னாலும் பண்ணுங்க டாக்டர், ஆளைக் குடுத்திடுங்க" என்று அந்த அம்மாள் கதற, குழாயைப் போட்டார்கள். இந்தத் தடவை நுரையீரலில் கிருமி, சிறுநீரகம் கைவிரித்துவிட்டது, இதயம் பேருக்குத்தான் ஓடியது. பெரிய டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். முதலில் வாயைத் திறந்தது மகள்தான். "அப்பா அன்னைக்கே சொன்னாரும்மா. இப்படி வச்சிருக்கறது அவருக்குப் பிடிக்காது." அம்மாள், "நீ சொல்றே. அப்ப சரி," என்றாள். சம்மதம்தான், ஆனால் பாரத்தை மகள் தலையில் ஏற்றிவைத்த சம்மதம். பக்கத்தில் நின்ற உஷ் அக்காவுக்கு அது புரிந்தது. மகளுக்கும் புரிந்தது.

இதோ, மதியம். குழாய் எடுத்தாகிவிட்டது. வலியும் மூச்சுத்திணறலும் தெரியாமலிருக்க மருந்து சொட்டுச்சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டரை வேறொரு அவசரத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், சின்ன டாக்டர் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். படித்து வந்து ஒரு வருஷம்தான், இன்னும் சாவைப் பார்த்தால் எச்சில் விழுங்குகிற வயசு. திரை சுவரைப் பார்த்திருந்தது. மாஸ்டர் வழவழவென்று சவரம் செய்த முகத்தோடு, விட்டு விட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் சுளிப்பு இல்லை.

அவர் மனைவி உஷ் அக்காவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் கை நல்ல கை கண்ணு. அவரை அழகா வச்சிருக்கே. பெத்த பொண்ணு கூட இப்படிச் செய்ய மாட்டா."

பெற்ற பெண் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். கேட்டும் கேட்காத மாதிரி அப்பாவின் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அம்மாள் மாஸ்டரின் காதோரம் குனிந்தாள். "என்னங்க. நான் பண்றது சரியா? கோவமா என் மேல? எதாவது ஒண்ணு சொல்லுங்களேன். தலையையாவது ஆட்டுங்க."

அப்போதுதான் மாஸ்டர் துள்ளினார்.

லேசான அசைவு இல்லை. முதுகு படுக்கையை விட்டு எழும்பி விழுந்தது. தொண்டையிலிருந்து 'ஹக்' என்று ஒரு சத்தம். கண் இரண்டும் திறந்துகொண்டன. வலது கால் போர்வையை உதைத்துத் தள்ளி ஒரு மிதி மிதித்தது.

"பிரேக்!" என்று அலறினாள் அம்மாள். "பிரேக் அடிக்கிறாரு! பாத்தியாடி? பாத்தீங்களா எல்லாரும்? நிறுத்தச் சொல்றாரு! நான் கேட்டேன், அவரு பதில் சொல்லிட்டாரு!"

உஷ் அக்கா பாய்ந்துபோய்த் திரையைத் திருப்பினாள். கன்னாபின்னாவென்று ஓடிய கோடு, ஒரு வெட்டு, அதற்கப்புறம் ஒழுங்காக எழும்பி விழுகிற துடிப்பு. மாஸ்டரின் இதயம் தாறுமாறாகி நிற்கப் போயிருக்கிறது. பெட்டி விடவில்லை. காலமெல்லாம் சும்மா இருந்த மாப்பிள்ளை இன்றைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டது.

குழாயை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியை அணைத்திருக்க வேண்டும். இதயப் பிரிவிலிருந்து ஆளைக் கூப்பிட்டு, ஒரு கருவியைக் காட்டினால் முடிந்தது. இது பள்ளிப் பாடம் மாதிரி அவளுக்குத் தெரியும். புது நர்ஸுகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பெரிய டாக்டர் சொல்லியிருப்பார் என்று இவள் இருந்தாள், இவள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்று அவர் இருந்திருப்பார். காலையில் உடம்பு துடைக்கும்போது அந்த மேட்டைச் சுற்றித் துணியால் பூப்போலத் துடைத்த கை இதே கைதான். சவரம், வெந்நீர், தலைவாரல். எல்லாம் செய்தாள், செய்ய வேண்டியதைத் தவிர. திரையை மட்டும் திருப்பாமல் இருந்திருந்தால், இதயம் கெடுவது முன்கூட்டியே கண்ணில் பட்டிருக்கும். தன் சாமர்த்தியத்தின் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

"ஓடு," என்றாள் பக்கத்தில் நின்ற இளைய நர்ஸிடம். "ஆபரேஷன் தியேட்டர்ல வட்டக் காந்தம் இருக்கும், வாங்கிட்டு வா. நம்மளோடதும் அங்கதான் போய்க் கிடக்கு. ஓடு!" வாழ்நாளில் முதல் தடவையாக அந்த அறையில் அவளே கத்தினாள்.

அந்தக் காந்தத்தைப் பெட்டிக்கு மேலே வைத்தால், வைத்திருக்கிற வரைக்கும் பெட்டி உதைக்காது. எடுத்தால் மறுபடி உதைக்கும். இவ்வளவுதான் விஷயம். இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வாக்கியத்தைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை.

"குழாயைப் போடுங்க டாக்டர்!" அம்மாள் சின்ன டாக்டரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவரு போக மாட்டேங்குறாரு, நாமதான் தள்ளிவிடுறோம். பாருங்க, முகத்துல ரத்தம் ஓடுது, பாருங்க!" பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "நீதானேடி சொன்னே? அப்பாவுக்குப் பிடிக்காதுன்னு நீதானே சொன்னே? உனக்கு என்னடி அவசரம்? ஆஸ்பத்திரிக்கு வந்து போறது அலுத்துப்போச்சா?"

மகள் அப்பாவின் திறந்த கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறிப்போன விதத்தைப் பார்த்தால், அம்மாவை விட அவள்தான் அதிகம் நம்பிவிட்டாள் என்று தெரிந்தது. அப்பாவைக் கொல்லச் சொல்லிவிட்டோம் என்று நம்பிவிட்டாள்.

அம்மாள் ஓடிவந்து மாஸ்டரின் நெஞ்சில் கை வைத்தாள். "இருக்கேங்க. நிறுத்தச் சொல்லிட்டேன். பயப்படாதீங்க."

மறுபடியும் துள்ளல். அதே 'ஹக்'. அதே மிதி. இந்த முறை அதிர்ச்சி லேசாக அவள் உள்ளங்கையிலும் இறங்கியிருக்க வேண்டும். கையைப் பார்த்தாள். "என்னைத் தொட்டாரு," என்றாள். குரல் குழைந்துபோயிற்று. "என் கையில வந்து தட்டினாரு."

சின்ன டாக்டர் திரையைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், அவருக்கும் புரிந்துவிட்டது. உஷ் அக்காவின் காதருகே வந்தார். "சிஸ்டர், சொல்லிட வேண்டாம். கடைசி நேரத்துல உடம்பு இப்படித் துள்றது சகஜம்னு சொல்லிடுவோம். காந்தத்தைப் போர்வைக்குள்ள வச்சிடுங்க. அவங்களும் நிம்மதியா இருப்பாங்க, நமக்கும் வம்பில்ல."

காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம்தான். அந்த அம்மாள் காலம் முழுக்கப் புருஷன் கடைசியில் தன்னைத் தொட்டார் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதைப் போய் ஏன் பிடுங்க வேண்டும்? உஷ் அக்காவுக்கு ஒரு கணம் அது அருமையான யோசனையாகத்தான் பட்டது. தன் பேரும் கெடாது. நாளைக்கும் "உஷ் அக்கா வந்திருக்காங்களா" என்று கேட்பார்கள்.

ஆனால் அம்மாள் குழாயைப் போடு என்கிறாள். ஒன்று, மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன குழாய் மறுபடி தொண்டைக்குள் போகும், நாலு நாள் கழித்து இதே இடத்துக்கு வந்து நிற்பார்கள். இல்லை, போடாமல் விட்டால், பிரேக் அடித்த மனிதரைக் கொன்றவள் என்ற பேர் இந்தப் பெண்ணுக்கு நிற்கும். அந்த அம்மாள் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் வீட்டில் அது ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இளைய நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். உஷ் அக்கா காந்தத்தை வாங்கி, போர்வையை இடுப்பு வரைக்கும் விலக்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அந்த மேட்டின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"என்ன அது? என்ன பண்றே?" என்றாள் அம்மாள்.

"அம்மா, இங்க பாருங்க. அது மாஸ்டர் இல்லம்மா. பெட்டி."

"எந்தப் பெட்டி?"

"நெஞ்சுல இருக்கே, அந்தப் பெட்டி. இதயம் நிக்கப் போகுது, அது உள்ளேருந்து ஷாக் குடுத்து எழுப்புது. அதுலதான் அவரு துள்ளினாரு. காலும் அதுலதான் உதைச்சுது. உங்க கையில பட்டதும் அதுதான். குழாயை எடுக்கறதுக்கு முன்னாடியே நாங்க அதை அணைச்சு வச்சிருக்கணும். நான் மறந்துட்டேன்."

அறை அமைதியாயிற்று. இத்தனை வருஷத்தில் அவள் உஷ் சொல்லாமல் அந்த அறை அப்படி அமைதியானதில்லை.

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேம்மா. உங்க பொண்ணு சொன்னதுல தப்பில்ல. மாஸ்டர் சொன்னதைத்தான் அவ சொன்னா. என்கிட்டயும் அவரு சொன்னாரு. தப்பு எங்களோடது. என்னோடது."

அம்மாள் மாஸ்டரின் காலைப் பார்த்தாள். அது போர்வைக்கு வெளியே சும்மா கிடந்தது. "அப்போ நான் கேட்டதுக்கு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். வேறு எதையோ யோசித்த மாதிரி நிமிர்ந்தாள். "அவருக்கு வலிச்சுதா?"

இந்தக் கேள்வி வரும் என்று உஷ் அக்காவுக்குத் தெரியும். மருந்து ஓடுகிறது, தூக்கத்தில்தான் இருக்கிறார், ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொல்லலாம். பாதி உண்மை. ஆனால் அந்தத் திறந்த கண்களை அந்த அம்மாளும்தான் பார்த்தாள்.

"முழுசா தெரிஞ்சிருக்காதும்மா. ஆனா வலிச்சிருக்கும்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மாள் அழவில்லை. எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு உஷ் அக்கா பக்கம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் சின்ன டாக்டர் நினைத்தார், ஓரடி முன்னால் வந்தார். உஷ் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள், அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"இதை எடுத்தா மறுபடி உதைக்குமா?"

"உதைக்கும்."

"இப்படியே பிடிச்சிருக்கணுமா?"

"ஆமாம்மா. நான் பிடிச்சுக்கறேன். இதயப் பிரிவுலருந்து ஆள் வர்ற வரைக்கும் நான்—"

"கையை எடு."

"அம்மா, கொஞ்சம் நகர்ந்தாலும்—"

"எடுன்னு சொன்னேன். நான் பிடிச்சுக்கறேன். உன் கை அவரு மேல பட வேண்டாம்."

உஷ் அக்கா தன் விரல்களுக்கு அடியில் அந்த அம்மாளின் விரல்களை நுழையவிட்டு, காந்தம் நகராமல் பார்த்துக்கொண்டு, கையை மெல்ல உருவிக்கொண்டாள். அம்மாள் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றாள். வயசான கை, கொஞ்ச நேரத்தில் நடுங்க ஆரம்பித்தது. மகள் எழுந்து வந்தாள். "நானும் பிடிச்சுக்கறேம்மா," என்றாள். அம்மாள் இடம் விட்டாள். மகளின் கை அம்மாவின் கைமேல் பதிந்தது. அம்மாள் தலையைச் சாய்த்து மகளின் தோளில் வைத்துக்கொண்டாள்.

மாஸ்டரின் கண் இமைகள் தாமாகத் தாழ்ந்தன. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று. உஷ் அக்கா கால்மாட்டில் நின்றாள். செய்வதற்குக் கைக்கு ஒன்றுமில்லை. திரையைத் திருப்பலாமா என்று தோன்றியது, திருப்பவில்லை. அவர்கள் இருவரும் அதைப் பார்க்கவே இல்லை. மாஸ்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உஷ் அக்காதான் திரையைப் பார்த்தாள். அது ஒரு தடவை தாறுமாறாக ஓடியது. காந்தம் இருந்ததால் உதை வரவில்லை. பிறகு கோடு தளர்ந்து, தாழ்ந்து, நேராயிற்று.

வெளியே வராந்தாவில் யாரோ டிராலியைத் தடதடவென்று தள்ளிக்கொண்டு போனார்கள்.

அம்மாள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். "முடிஞ்சுதா? இதை எடுக்கலாமா?"

இது உஷ் அக்கா சொல்ல வேண்டிய இடம். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். குனிந்து, தோளைத் தொட்டு, பதற வைக்காத குரலில், அவர்கள் அதற்கப்புறம் ஒருபோதும் மறக்காத அந்தச் சில வார்த்தைகளை. கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்க்க ஓரடி எடுத்து வைத்தவள், தொடாமல் அங்கேயே நின்றாள்.

"போயிட்டாரும்மா. எடுக்கலாம்."

அம்மாளின் கை அசையவில்லை. காந்தத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"நான் டாக்டரைக் கேட்டேன்," என்றாள். "டாக்டர், நீங்க தொட்டுப் பாத்துச் சொல்லுங்க."

சின்ன டாக்டர் ஒரு நொடி உஷ் அக்காவைப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தபடி முன்னால் வந்தார். அவர் நிற்க இடம் வேண்டியிருந்தது. அவள் சுவரோரமாகத் தள்ளி நின்று வழி விட்டாள்.